நாப்போலியில் யார் வருகிறார் என்று கேட்பதற்கு முன்

கோடையில் வீரர்கள் கிளப் மாறும் சந்தை திறந்ததும், முதலில் ஒரு தாளை எடுத்து, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கால்பந்து கிளப்பான நாப்போலியை விட்டு யார் யார் போக வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். வருகிறவர்களின் பெயருக்கு இன்னும் அவசரம் இல்லை. ஒப்பந்தம் முடிய ஒரே வருடம் பாக்கி இருப்பவர், வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கடனாகப் போய்த் திரும்பி வந்தவர், பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், புது கோச்சின் ஆட்டமுறைக்குப் பொருந்தாதவர். டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் கிளப்பின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொருவரின் ஒப்பந்த முடிவுத் தேதியும் கிடைக்கும். அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் வதந்தி படிப்பவர்கள் ஜூலை முழுக்க ஏமாறுவார்கள். என் அக்கா பையன் அந்த ரகம். தினமும் ராத்திரி ஒரு பெயர் அனுப்பி, "மாமா, இவர் வர்றாராமே?" என்பான். "அந்த இடத்தில் இப்போது இருப்பவர் எங்கே போகிறார்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பதில் வராது.

2024 கோடையை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2023-இல் இத்தாலிய லீக் சாம்பியன் ஆன அணி, அடுத்த சீசனில் மூன்று கோச்சுகளை மாற்றிப் பத்தாவது இடத்துக்கு விழுந்தது. ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை. அந்த வருமானமும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் புது கோச்சாக அன்டோனியோ கோன்டே வந்தார். அவருக்கு ஏற்ற ஸ்ட்ரைக்கர் லுகாகு என்பது ஊருக்கே தெரியும், இன்டர் கிளப்பில் இருவரும் சேர்ந்து லீக் வென்றவர்கள். ஆனால் ஸ்ட்ரைக்கருக்கான 9-ஆம் எண் சட்டை விக்டர் ஒசிமெனிடம் இருந்தது. அவருடைய விடுவிப்புத் தொகை, அதாவது அதைக் கொடுத்தால் கிளப் விட்டே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிய விலை, சுமார் 13 கோடி யூரோ என்று செய்திகள் சொல்லின. அவ்வளவு கொடுக்க யாரும் முன்வரவில்லை. ஒசிமென் நகராததால் லுகாகுவும் ஆகஸ்ட் முழுக்க நகரவில்லை. அதற்குள் இத்தாலியக் கோப்பைப் போட்டியான கோப்பா இத்தாலியாவில் மோதேனாவுடன் கோல் இல்லாத டிரா, பெனால்டியில் தப்பித்தார்கள். லீக்கின் முதல் ஆட்டத்தில் வெரோனாவிடம் 3-0 உதை. லுகாகு கடைசியில் மாத முடிவில் வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 31 அன்று பார்மாவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, கூடுதல் நேரத்தில் சமன் செய்தார்; ஆட்டம் 2-1 என்று கைக்கு வந்தது. அடுத்த மே மாதமே லீக் பட்டமும் வந்தது.

ஒசிமென் என்ன ஆனார்? இத்தாலியச் சந்தை மூடிய பிறகு, செப்டம்பரில் துருக்கிக் கிளப்பான கலடசராய்க்குக் கடனாகப் போனார். துருக்கியில் சந்தை அப்போதும் திறந்திருந்தது. இத்தாலியின் கடைசித் தேதி நாப்போலி வாங்குவதற்குத்தான் தடை, சந்தை திறந்திருக்கும் வெளிநாட்டுக்கு விற்பதற்கு இல்லை. துருக்கி, சவுதி சந்தைகள் எப்போது மூடுகின்றன என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

அடுத்தது, யார் சொல்வதை நம்புவது. இத்தாலியில் பத்திரிகை எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட் மிலானில் இருந்து வருகிறது. அந்த ஊர்க் கிளப்களான இன்டர், மிலான் பற்றிய செய்திகளில் அதற்குக் கை நீளம். துத்தோஸ்போர்ட் தூரின் பத்திரிகை. கொரியேரே டெல்லோ ஸ்போர்ட் ரோமில் இருந்து வந்தாலும் நேப்பிள்ஸ் செய்திகளை நன்றாகக் கவனிக்கும். நகரத்தின் சொந்த நாளிதழ் இல் மத்தீனோ. ஆனால் நான் முதலில் பார்ப்பது விற்கும் கிளப்பின் ஊர்ப் பத்திரிகையைத்தான். தூரின் நகரக் கிளப்பான தூரினோவில் இருந்து தடுப்பாட்டக்காரர் பொன்ஜோர்னோ வரப்போகிறார் என்ற பேச்சு எழுந்தபோது துத்தோஸ்போர்ட்டைப் படிப்பதில்தான் பலன் இருந்தது. வாங்குகிறவருக்கு ஆசை இருக்கும், விலையைச் சொல்லப்போவது விற்கிறவர். மான்செஸ்டர் யுனைடெட்டின் மெக்டோமினே விஷயத்தில் அதே காரணத்துக்காக இங்கிலாந்துச் செய்திகளைப் பார்த்தேன்.

செய்தியில் பெயரை விட வினைச்சொல்லைக் கவனியுங்கள். "பிடித்திருக்கிறது" என்றால் ஒன்றும் இல்லை. "விசாரித்தார்கள்" என்றால் ஒரு போன் போயிருக்கலாம், அதுவும் ஏஜென்ட் தானே பரப்பியதாக இருக்கலாம். "கிளப்கள் ஒப்புக்கொண்டன" என்பதற்கு மதிப்பு உண்டு. ஜான்லூக்கா டி மார்சியோ, ஃபாப்ரிசியோ ரோமானோ போன்ற சந்தைச் செய்தியாளர்கள் அந்தக் கட்டத்தில் சொன்னால் நான் பென்சிலால் எழுதுவேன். ரோமில் வில்லா ஸ்டுவார்ட் மருத்துவமனை வாசலில் வீரர் நிற்கும் படம் வந்தால் பேனா எடுப்பேன். நாப்போலியின் மருத்துவப் பரிசோதனைகள் பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் தலைவர் அவுரேலியோ டி லாரென்டிஸ் எக்ஸ் தளத்தில் வரவேற்புப் பதிவு போடுவார், கதை முடிந்தது. சினிமாத் தயாரிப்பாளர் அல்லவா, அறிமுகக் காட்சியை வேறு யாருக்கும் விட்டுத் தரமாட்டார். கோடையில் இத்தாலி நம்மை விட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே மாலை ஆறு என்றால் இங்கே ஒன்பதரை. அதுவரை விழித்திருந்தால் போதும்.

கடன் ஒப்பந்தங்களில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். இத்தாலியக் கிளப்கள் நேரடியாக வாங்குவதைவிடக் கடனாக எடுத்துப் பிறகு வாங்குவதை விரும்பும். செய்தியில் 'டிரித்தோ' என்று இருந்தால் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். 'ஒப்லிகோ' என்றால் வாங்கியே ஆக வேண்டும். அங்கிசா 2021-இல் ஃபுல்ஹாமில் இருந்து முதல் வகையில் வந்தார். அடுத்த வருடம் வாங்கினார்கள், அணியின் தூண் ஆனார். என்டோம்பெலேவும் 2022-இல் டாட்டன்ஹாமில் இருந்து அதே வகையில்தான் வந்தார். அணி சாம்பியன் ஆகியும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வகை ஒன்று உண்டு, நிபந்தனைக் கட்டாயம். 2025-இல் ஸ்ட்ரைக்கர் ஹோய்லுண்ட் வந்தது அப்படி: நாப்போலி சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றால் சுமார் 4.4 கோடி யூரோ கொடுத்து வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படிப்பட்டவருக்கு எதிரே நான் நிபந்தனையையும் எழுதிவிடுவேன். அடுத்த கோடையின் பட்ஜெட் அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

நான் நூல் மில்லில் கணக்கு எழுதுகிறவன், அதனால் பணப் பகுதி எனக்குப் பிடிக்கும். இத்தாலியப் பத்திரிகைகள் சம்பளத்தை வருடத்துக்கு, வரி போகக் கையில் வருவதாகச் சொல்லும். இங்கிலாந்துப் பத்திரிகைகள் வாரத்துக்கு, வரிக்கு முன் சொல்லும். இரண்டையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். இத்தாலியில் 40 லட்சம் யூரோ என்று படித்தால் கிளப்புக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட இரு மடங்கு. வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்குத் தந்த வரிச்சலுகை 2024 தொடக்கத்தோடு கால்பந்து வீரர்களுக்கு நின்றுவிட்டதால் இந்தச் சுமை கூடியது.

விற்பனை லாபத்துக்கு க்வாரட்ஸ்கேலியாவைப் பாருங்கள். 2022-இல் சுமார் 1 கோடி யூரோவுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தார். வாங்கிய விலை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரிக்கப்பட்டு, கணக்குப் புத்தகத்தில் வருடம் 20 லட்சம் கழியும். இரண்டரை வருடம் கழித்து 2025 ஜனவரியில் பாரிஸ் கிளப்புக்குச் சுமார் 7 கோடிக்குப் போனபோது புத்தக மதிப்பு 50 லட்சம் அளவில்தான் இருந்திருக்கும். மிச்சம் எல்லாம் லாபம். அடுத்த கோடையில் அவர்கள் தாராளமாகச் செலவு செய்ததில் ஆச்சரியம் இல்லை. விடுவிப்புத் தொகைக்குத் தேதி இருக்கிறதா என்றும் பாருங்கள். கிம் மின்-ஜே 2023-இல் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்குப் போன விதி ஜூலையின் முதல் பாதியில் மட்டும், வெளிநாட்டுக் கிளப்களுக்கு மட்டும் செல்லும். அந்தப் பதினைந்து நாள் தாண்டியிருந்தால் டி லாரென்டிஸ் வேறு விலை சொல்லியிருப்பார்.

சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம் 2024-இலும் 2025-இலும் ஜூலையில் டிமாரோ மலைப்பகுதியிலும், பிறகு காஸ்தெல் டி சாங்ரோவிலும் நடந்தது. அனௌனே போன்ற உள்ளூர் அணியை வென்ற ஸ்கோரை விட்டுவிடுங்கள். யாரை இறக்கவில்லை என்று மட்டும் பாருங்கள். 2024-இல் ஒசிமென் பயிற்சியில் இருந்தார், நட்பு ஆட்டங்களில் இல்லை. அதற்கு மேல் அறிக்கை எதற்கு? கோச்சின் முதல் பத்திரிகையாளர் சந்திப்பை மட்டும் முழுதாகப் படியுங்கள். கேப்டன் டி லொரென்சோ போகப்போவதாக அவருடைய ஏஜென்ட் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் இருந்தே ஆக வேண்டும் என்றார் கோன்டே. இருந்தார். காயத்துக்கு மட்டும் எந்தத் தாளும் உதவாது. 2025 ஆகஸ்டில் ஒலிம்பியாகோஸுடனான நட்பு ஆட்டத்தில் லுகாகு அடிபட்டதால்தான் ஹோய்லுண்டைத் தேடிப் போனார்கள்.

சந்தை மூடியதும், லீக்கில் ஆடக்கூடிய 25 பேர் பட்டியல் வரும். அதில் நான்கு இடம் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு, நான்கு இத்தாலியில் வளர்ந்தவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும், வெளியாளைப் போட முடியாது. 22 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நாப்போலி அகாடமியில் வளர்ந்த கோல்கீப்பர் கொந்தீனி ஆடுவதே அபூர்வம், அவரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அக்கா பையன் கேட்டான். இந்த விதியைச் சொன்னேன். 22 வயதைத் தாண்டியும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு லீக் ஆட்டம் கிடையாது. தாளின் ஓரத்தில் குறித்த துருக்கிச் சந்தையின் தேதி அவருக்காகத்தான்.