இன்டிசைனில் எழுத்தைக் கையால் மாற்றாதீர்கள், ஸ்டைல் போடுங்கள்

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தலைப்பைத் தேர்வு செய்து, ஃபான்ட் மாற்றி, அளவைக் கூட்டி, நிறம் கொடுத்து, அப்புறம் அடுத்த தலைப்புக்குப் போய் அதையே திரும்பச் செய்பவர்கள் நிறையப் பேர். இரண்டு பக்கத் துண்டறிக்கைக்கு இது போதும். ஆனால் இருநூறு பக்கப் புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் "தலைப்பு கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லா இருக்குமே" என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு பக்கமாகத் தேடித் திருத்த வேண்டியதுதான். ஃபான்ட், அளவு, நிறம் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேமித்து வைப்பதுதான் ஸ்டைல், அதை ஒரு முறை மாற்றினால் அது போட்ட எல்லா இடமும் மாறிவிடும்.

எதற்கும் முன்னால், எழுத்துகளை வரியில் அடுக்குகிற கம்போசரைப் பாருங்கள். தமிழில் "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? பெரும்பாலும் ஃபான்ட் மேல் தப்பில்லை. பாராகிராஃப் பேனலின் மெனுவில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று இருக்கும், அதைத் தேர்வு செய்யுங்கள். இது யூனிகோட் எழுத்துக்குத்தான். பாமினி போன்ற பழைய முறையில் அடித்த உரை என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள், ஃபான்ட்டை மட்டும் மாற்றினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் கிடைக்கும்.

இப்போது ஒரே ஒரு பத்தியை மட்டும் கையால் சரிசெய்யுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் + T அழுத்தினால் கேரக்டர் பேனல் வரும். அளவை விட லீடிங்தான், அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம்தான் முக்கியம் என்பது என் கருத்து. ஆட்டோ லீடிங் என்பது எழுத்தளவில் 120 சதவீதம், அதாவது 10 பாயின்ட் எழுத்துக்கு 12. தமிழில் மேலே விசிறியும் கீழே வாலும் இருப்பதால் இது நெருக்கியடிக்கும், நான் 14 அல்லது 15 வைப்பேன். எண்ணாகவே போடுங்கள், ஏனென்றால் ஆட்டோவில் விட்டால் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து வந்தாலும் அந்த வரி மட்டும் தனியாக விலகி நிற்கும். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியான டிராக்கிங்கைத் தமிழுக்குச் சுழியத்திலேயே விட்டுவிடுங்கள், கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்துவிடும். பத்திகளுக்கு இடையில் இடைவெளி வேண்டுமானால் என்டரை இரண்டு முறை தட்ட வேண்டாம், பாராகிராஃப் பேனலில் ஸ்பேஸ் ஆஃப்டர் இருக்கிறது.

பத்தி மனதுக்குப் பிடித்துவிட்டதா? கர்சரை அதற்குள் வைத்து, எஃப் 11 அழுத்தி, பாராகிராஃப் ஸ்டைல்ஸ் பேனலின் அடியில் உள்ள புதிய ஸ்டைல் பொத்தானை ஆல்ட் அழுத்தியபடி கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும், நீங்கள் செய்து வைத்த அமைப்பு முழுவதும் அதில் ஏறியிருக்கும். "உடல் உரை" என்பதுபோல் தெளிவாகப் பெயர் வையுங்கள். உள்தலைப்பு, மேற்கோள், படக்குறிப்பு எல்லாவற்றையும் பேஸ்டு ஆன் என்ற இடத்தில் இதோடு இணைத்துவிட்டால், பின்னால் இந்த ஒன்றில் ஃபான்ட்டை மாற்றினாலே, தனியாக ஃபான்ட் கொடுக்காத மற்றவையும் மாறிவிடும். ஸ்டைலின் உண்மையான பலன் இதுதான்.

பத்திக்குள் சில சொற்களை மட்டும் அழுத்தமாகக் காட்ட கேரக்டர் ஸ்டைல், ஷிஃப்ட் + எஃப் 11. அதில் போல்டு என்பதை மட்டும் கொடுத்து, ஃபான்ட் பெயரையும் அளவையும் காலியாக விடுங்கள், எந்தப் பத்தியில் போட்டாலும் பொருந்தும். இன்டிசைன் தானாகப் போலி போல்டு உண்டாக்காது. அந்த ஃபான்ட்டில் போல்டு இல்லையென்றால் எழுத்தின் பின்னால் இளஞ்சிவப்புப் பட்டை தெரியும். தமிழ் ஃபான்ட்கள் பலவற்றில் இட்டாலிக் கிடையாது, ஸ்கியூ போட்டுச் சாய்ப்பதை விட போல்டோ நிறமோ எவ்வளவோ மேல்.

ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறி தெரிந்தால், அங்கே யாரோ கையால் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உரையைத் தேர்வு செய்து, ஆல்ட் அழுத்தியபடி அந்தப் பெயரைக் கிளிக் செய்தால் கைவேலை அழிந்துவிடும், கேரக்டர் ஸ்டைல் போட்டவை அப்படியே இருக்கும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள், அவையும் போய்விடும்.

அடுத்த புத்தகத்துக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பாராகிராஃப் ஸ்டைல்ஸ் பேனலின் மெனுவில் லோட் பாராகிராஃப் ஸ்டைல்ஸ் கொடுத்து, பழைய கோப்பைக் காட்டினால் போதும்.