வெக்டர் மானிட்டர் ஆம்ப்ளிஃபயர்: கணக்கைக் காயிலில் தொடங்குங்கள்

1979-ல் வந்த அடாரியின் ஆஸ்டிராய்ட்ஸ் விளையாட்டில், டிவி போல வரிவரியாகப் படம் ஓடாது. எலக்ட்ரான் கற்றை பேனா மாதிரி நேராகக் கோடு இழுக்கும். அந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் கைதான் டிஃப்ளெக்‌ஷன் ஆம்ப்ளிஃபயர். எக்ஸுக்கு ஒன்று, ஒய்க்கு ஒன்று. பழைய டிவி டியூபில் அப்படிக் கோடு வரைய நாமே அதைச் செய்வோம்.

"நூறு வாட் ஆடியோ போர்டு இருக்கே, போதாதா?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். வாட்டை மறந்துவிடுங்கள். முதலில் காயில்: அதில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தம்தான் கற்றையை வளைக்கிறது.

படி 1: பிக்சர் டியூபின் கழுத்தில் இருக்கும் யோக்கை (கற்றையை வளைக்கும் காயில்களின் தொகுதி) ஹென்றியும் ஓமும் காட்டும் எல்.சி.ஆர். மீட்டரில் அளந்து பாருங்கள். ஒரு காயில் 1 மில்லி ஹென்றி, 1 ஓம். திரையின் ஓரம் வரை போக 3 ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு 200 மைக்ரோ செகண்டில் பாய வேண்டுமென்றால் மின்னோட்டம் 6 ஆம்பியர் மாற வேண்டும். 0.001 × 6 ÷ 0.0002 = 30 வோல்ட். காயிலின் ஓம் தின்பது 3, மின்னோட்டத்தை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் (படி 3) ஒன்றரை, டிரான்சிஸ்டருக்கு ஒரு 3. ஆக, பிளஸ் மைனஸ் 38 வோல்ட் சப்ளை.

டிவியின் வெர்டிகல் காயில் பல மடங்கு ஹென்றி இருக்கும். பத்து மடங்கு என்றால் மின்னோட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும், ஆனால் வோல்ட் மூன்று மடங்கு கேட்கும். அதனால்தான் பலர் அதைக் கழற்றித் தடித்த கம்பியில், குறைந்த சுற்றில் மறுபடி சுற்றுகிறார்கள்.

படி 2: அவுட்புட் டிரான்சிஸ்டர். பழைய ஆர்கேட் மானிட்டர்களில் 2என்3716, 2என்3792 ஜோடியைப் பார்க்கலாம்: 80 வோல்ட், 10 ஆம்பியர், 150 வாட். நம் சப்ளையே இரு பக்கமும் சேர்த்து 76 வோல்ட். கைவசம் மிச்சம் ஒன்றுமில்லை. 140 வோல்ட் தாங்கும் எம்ஜே15003, எம்ஜே15004 என் தேர்வு. காயில் திருப்பி உதைக்கும். அவுட்புட்டிலிருந்து இரண்டு சப்ளைக்கும் வேகமான டயோடு ஒவ்வொன்று போட்டுவிடுங்கள்.

சூடு எங்கே வருகிறது தெரியுமா? கோடு ஓடும்போது அல்ல, கற்றை ஓரத்தில் சும்மா நிற்கும்போது. அப்போது காயிலுக்கும் சென்ஸ் ரெசிஸ்டருக்கும் சேர்த்து நாலரை வோல்ட் போதும். மீதி 33 வோல்ட்டும் 3 ஆம்பியரோடு ஒரே டிரான்சிஸ்டரின் தலையில், 100 வாட். பழைய ஜோடியின் 150 வாட் என்ற எண் டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரியில் இருக்கும்போதுதான். 100 டிகிரி ஆனால் அது 86 வாட்டாகிவிடும். ஹீட் சிங்க் பெரிதாகவே இருக்கட்டும், மைக்காவும் பேஸ்ட்டும் மறக்க வேண்டாம். சும்மா இருக்கும் நேரத்தில் கற்றையை நடுவில் நிறுத்துங்கள். புள்ளி திரையின் பாஸ்பர் பூச்சை எரிக்காமல் இருக்க வெளிச்சத்தையும் அணைத்துவிடுங்கள்.

படி 3: சென்ஸ் ரெசிஸ்டர். ஆடியோ போர்டு வோல்ட்டைப் பின்தொடரும். நமக்கு வேண்டியது மின்னோட்டம். காயிலுக்குக் கீழே 0.47 ஓம் வைத்து, அதில் விழும் வோல்ட்டை, உள்ளே வரும் சிக்னலோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஆப்-ஆம்ப் ஐ.சி.க்குத் திருப்பித் தர வேண்டும். டிஎல்072 இங்கே தாராளம். நான் முதலில் கையில் கிடைத்த கம்பி சுற்றிய சிமென்ட் ரெசிஸ்டரைப் போட்டேன். சதுரம் வரைந்தால் நாலு மூலையிலும் குட்டிக் கொக்கி. ஆப்-ஆம்ப்பை மாற்றி மாற்றி இரண்டு நாள் போனது. அந்தக் கம்பிச் சுற்றே ஒரு காயில் என்று உறைத்த பிறகு, 4.7 ஓம் 1 வாட் மெட்டல் ஃபிலிம் பத்தை இணையாக வைத்தேன். கொக்கி போய்விட்டது.

அதன் பிறகும் மூலை நடுங்கினால், காயிலுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை 470 ஓமில் தொடங்கி மெல்லக் குறைத்துப் பாருங்கள்.

படி 4: டிவியின் ஹாரிசான்டல் காயிலைக் கழற்றினால், டியூபுக்கு உயர் வோல்ட் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கே கெட்டுவிடும். அந்த இடத்தில் அதே ஹென்றி உள்ள வேறு யோக்கை இணையுங்கள். செட்டை அணைத்த பிறகும் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கக் கூடாது.

படி 5: முதல் சோதனையை டியூபில் செய்யாதீர்கள். யோக்கை மேஜையில் வைத்து, சப்ளை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது; எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிறகு 50 ஹெர்ட்ஸ் சதுர அலையை, சிறிய அளவில், உள்ளே கொடுத்து ஆஸிலாஸ்கோப்பை சென்ஸ் ரெசிஸ்டரில் வையுங்கள். மூலை கூர்மையாக ஏறி, துள்ளாமல் நின்றால் யோக்கை டியூபில் மாட்டலாம்.