எட்டு என்றால் எத்தனை ரூபாய்? டி20 மாடர்னில் பகடையும் பணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆட்டக்களம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என்று சொல்லி வைப்போம். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவர் டிராஃபிக்கைத் தாண்டி வந்து சேர நான்கு ஆகிவிடும். ஆடுவது டி20 மாடர்ன், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம், விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2002இல் வெளியிட்டது. கதையும் பெங்களூரிலேயே நடக்கிறது. புதையல் குகைக்குப் பதிலாக எங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முதல் நாளே கேட்டான்: “அண்ணா, என் கேரக்டர் ஷீட்ல வெல்த் போனஸ் எட்டுன்னு இருக்கு. எட்டுன்னா எத்தனை ரூபாய்?”

“ரூபாயே கிடையாதுப்பா.”

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். அவன் அதுவரை ஆடியது இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அங்கே 10 செம்புக்காசு ஒரு வெள்ளி, 10 வெள்ளி ஒரு பொன். 50 காசு ஒரு பவுண்டு எடை. ஆயிரம் பொற்காசைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒன்பது கிலோ. எண்ணலாம், பங்கு போடலாம், மூட்டை கட்டலாம். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தால் வெல்த் போனஸையும் காசு மாதிரி கழிக்கத் தோன்றும். எட்டு இருக்கிறது, ஐந்துக்கு ஒன்று வாங்கினேன், மீதி மூன்று என்று. அடிப்படைத் தவறு இதுதான். மற்ற பணத் தவறுகளில் பாதி இதன் குட்டிகள்.

பெண் பார்க்கப் போன இடத்தைப் பற்றி வீட்டில் ‘வசதியான குடும்பம்’ என்பார்களே, வெல்த் போனஸ் அந்த ‘வசதி’. சம்பளம், சேமிப்பு, கடன் வாங்கும் தகுதி எல்லாம் சேர்ந்த ஒரு நிலை. அவர்கள் பீரோவில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்கூட்டர் வாங்கினால் அவர்களுக்கு உறைக்காது, வீடு வாங்கினால் உறைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விதியும் இதைத்தான் எண்ணில் சொல்கிறது. பொருளின் டிசி (விலைக்குப் பதிலாக வைத்திருக்கும் இலக்கு எண்) உங்கள் போனஸுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பகடையே உருட்ட வேண்டாம், வாங்கியாயிற்று. அதிகமாக இருந்தால் டி20 என்ற இருபது முகப் பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, டிசியை எட்ட வேண்டும்.

தம்பி எஸ்.பி. ரோட்டில் ஓர் இரவுக் கேமரா தேடினான். ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் (கேம் மாஸ்டர்) நான், அதற்கு நான் வைத்த டிசி 20. அவன் போனஸ் 8. உருட்டினான், 13 விழுந்தது. மொத்தம் 21, கேமரா கைக்கு வந்தது. “ஒண்ணு கூடவே வந்திருக்கு, அதனால எனக்கு எதுவும் குறையாதுல்ல?” என்றான்.

பல மேசைகளில் சறுக்குவது இந்த இடத்தில்தான். இழப்பைப் பகடைத் தொகையோடு ஒப்பிடக் கூடாது. டிசியையும் வெறும் போனஸையும்தான் ஒப்பிட வேண்டும். 20க்கும் 8க்கும் வித்தியாசம் 12. வித்தியாசம் 1 முதல் 10 வரை என்றால் போனஸில் 1 குறையும். 11 முதல் 15 வரை என்றால் ஓர் ஆறு முகப் பகடை விழுகிற அளவு குறையும். 16ம் அதற்கு மேலும் என்றால் இரண்டு ஆறு முகப் பகடை. தம்பிக்கு 4 விழுந்தது. இதோடு முடியவில்லை: டிசி 15 அல்லது அதற்கு மேல் உள்ள எதை வாங்கினாலும் தனியாக இன்னொரு 1 போகும். ஆக 8லிருந்து 5 போய் மீதி 3.

அந்தத் தனி ஒன்றை எல்லோரும் மறக்கிறார்கள், குறிப்பாகப் பணக்காரப் பாத்திரம் ஆடுகிறவர்கள். போனஸ் 20 இருக்கிறது, டிசி 15 பொருள் உருட்டாமலேயே கிடைத்துவிடும், சரி. ஆனாலும் அந்த 1 போகத்தான் செய்யும். இரண்டு ஆறு முகப் பகடை இழப்பு கொஞ்சம் கொடூரம் என்பது என் கட்சி. ஆனால் போனஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று விதியே தடுப்பு வைத்திருக்கிறது. பூஜ்யத்தில் நிற்கிறவர் டிசி 10ம் அதற்கு மேலும் உள்ள எதையும் வாங்க முடியாது.

உருட்டித் தோற்றால் பணம் குறையாது. நேரம்தான் போகும். சாதாரணமாகக் கிடைக்காத பொருளுக்கு டிசி எவ்வளவோ அத்தனை மணி நேரம் கடை கடையாக அலைய வேண்டும். மறுபடி முயல வேண்டுமென்றால் மறுபடியும் அத்தனை மணி நேரம். உருட்டாமலேயே 20 விழுந்ததாக வைத்துக்கொள்ளும் ‘டேக் 20’ எடுக்கிறேன் என்று சுலபமாகச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் வைப்பதில்லை. அது இருபது மடங்கு நேரம். டிசி 20 கேமராவுக்கு 400 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம் எஸ்.பி. ரோட்டில் அலைந்தாலும் 50 நாள். அதற்குள் வில்லன் ஊரை விட்டே போயிருப்பான்.

நாலு பேர் போனஸையும் ஒன்றாகக் கூட்டுவதும் கிடையாது, இது மொய்ப்பணம் இல்லை. கூட ஒருவர் மட்டும் உதவலாம். அவர் டிசி 10ஐ எட்டினால் வாங்குகிறவருக்கு +2, உதவியவர் போனஸில் 1 குறையும்.

விற்பதற்கும் ஏறக்குறைய இதே அட்டவணைதான், தலைகீழாக. வாங்கும் டிசியில் 3 கழித்தால் விற்கும் மதிப்பு. அந்த மதிப்பு உங்கள் போனஸைத் தாண்டாவிட்டால் ஒன்றும் ஏறாது. மதிப்பு 15ம் அதற்கு மேலும் என்றால் மட்டும், போனஸ் எவ்வளவு இருந்தாலும், தனியாக 1 ஏறும். தம்பிக்கு இது புரிந்ததும் கண் பளிச்சிட்டது: “அப்போ கேமராவை 17க்கு வித்தா, மூணுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் 14. மறுபடி ஆறு முகப் பகடை, மேல ஒண்ணு. நல்லா விழுந்தா லாபம்தானே?” கணக்குப்படி தப்பில்லை. ஜிஎம் என்ற முறையில் நான்தான், புதுக் கேமராவை இந்த விலைக்கு வாங்க எஸ்.பி. ரோட்டில் ஆளில்லை என்று கதவைச் சாத்தினேன்.

பகடை பக்கம் வந்தால், நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. அது தாயக்கட்டைப் பழக்கம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும், தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை உருட்டலாம் என்று ஆடி வளர்ந்தவர்கள் நாம். அதனால் 20 விழுந்ததும் கை தானாக மறுபடி பகடையை எடுக்கிறது, “ஜெயம்!” என்ற சத்தத்தோடு. சண்டையில் 20 விழுந்தால் அடி நிச்சயம் படும். ஆனால் அது கிரிட்டிகலா, அதாவது சேதம் பெருகும் அடியா என்று தெரிய இன்னொரு தடவை உருட்டி, அதுவும் எதிரியின் தற்காப்பு எண்ணை எட்ட வேண்டும். கடையில் 20 விழுந்தால் அது வெறும் 20, அவ்வளவுதான். போனஸ் 3 உள்ளவர் 20 உருட்டினாலும் டிசி 24 பொருள் கிடைக்காது.

கிரிட்டிகலுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக் கணக்கைக் கொண்டுவருவதும் அடிக்கடி நடக்கிறது. அங்கே சேதப் பகடையை மட்டும் இரட்டிப்பாக்கிவிட்டு, கூட்டும் எண்ணை ஒரு தடவைதான் சேர்ப்பார்கள். இங்கே ஒவ்வொரு உருட்டலுக்கும் கூட்டும் எண் சேரும்.

மேசை ஓரத்தில் சாய்ந்து நின்ற பகடை, தட்டில் சட்னிக்குள் விழுந்த பகடை, இதற்கெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். விழுந்த எண்ணைப் பார்த்த பிறகு எவரும் நியாயஸ்தர் இல்லை. இரண்டு பத்து முகப் பகடைகளை வைத்து நூறுக்கு உருட்டும்போது எந்தப் பகடை பத்தின் இடம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 00, 0 இரண்டும் சேர்ந்து விழுந்தால் 100, பூஜ்யம் இல்லை.

அப்புறம், லெவல் ஏறும்போது உருட்ட வேண்டிய ஒன்றைப் பாதி மேசைகள் விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு புது லெவலுக்கும் ‘புரொஃபெஷன்’ (தொழில்) திறனை உருட்ட வேண்டும். டிசி உங்கள் அப்போதைய வெல்த் போனஸ். எட்டினால் 1 ஏறும், அதற்கு மேல் ஒவ்வொரு 5க்கும் இன்னொரு 1. கையில் இல்லாதவருக்குத்தான் இது வேகமாக ஏறும். தம்பி போன வாரம் லெவல் ஏறினான். டிசி 3, மொத்தம் 19 வந்தது. நான்கு ஏறி, போனஸ் 7.

உடனே கேமராவுக்கு ஒரு முக்காலி வேண்டும் என்று பகடையைக் குலுக்க ஆரம்பித்தான். “அதோட டிசி 6” என்றேன். கொஞ்ச நேரம் ஷீட்டைப் பார்த்தான். பகடையை மேசையில் வைத்துவிட்டு, “முக்காலி வாங்கிட்டேன்” என்று பென்சிலை எடுத்தான்.