டிரான்ஸ்பார்மர் வேறு, அது நிற்கும் இடம் வேறு: சொத்துப் பதிவேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம், குடிநீர், சாலை ஆகியவற்றின் சொத்து விவரங்களைக் கணினியில் ஏற்றும் புதியவர்கள் ஒரே மாதிரியான சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன வரி எல்லாம் மறுபார்வையில் பிடிபட்டுவிடும்; அவற்றை விடுவோம்.

இடத்துக்கும் கருவிக்கும் ஒரே எண்

பெரிய நஷ்டம் இதில்தான். சேலம் அம்மாப்பேட்டைத் தெருமுனை ஒன்றில் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் எரிகிறது என்று வையுங்கள். அதை இறக்கிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறொன்றை ஏற்றுகிறார்கள். பதிவேட்டில் இருப்பது ஒரே வரி. பழைய தகட்டு எண்ணை (கருவியின் தகட்டில் பொறித்த எண்ணை) அழித்துப் புதியதை அடித்துவிடுகிறார்கள். கேட்டால் "இடம் அதேதானே" என்பார்கள். எரிந்த வரலாறு முழுக்கப் புதியதன் தலையில் விழுகிறது. காயில் கட்டி (எரிந்த கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றி) வந்த பழையதோ, அஸ்தம்பட்டியில் ஏறும்போது குறையே இல்லாததாகத் தெரிகிறது. அங்கேயும் எரிந்தால், கோளாறு டிரான்ஸ்பார்மரிலா அந்தத் தெருவின் லோடிலா என்று சொல்ல வழியே இல்லை.

மூன்று அட்டவணை வேண்டும். இடத்துக்கு ஒன்று: எண், அட்சரேகை, தீர்க்கரேகை. கருவிக்கு ஒன்று: எண், தயாரிப்பாளர், தகட்டு எண், திறன், ஆண்டு. மூன்றாவதுதான் உயிர்நாடி: இட எண், கருவி எண், ஏற்றிய நாள், இறக்கிய நாள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் கருவி இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆயில் சோதனையும் காயில் கட்டியதும் கருவி எண்ணோடு சேரும். லோடு அளவும் எர்த் அளவும் இட எண்ணோடு.

எண்ணுக்குள் ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் மின்பாதை) பெயரை நுழைக்கவே நுழைக்காதீர்கள். லோடைப் பங்கிட ஒரு தெருவை அடுத்த ஃபீடருக்கு மாற்றும் அன்றே அந்த எண் பொய்யாகிவிடும். வெறும் தொடர் எண் போதும்.

மண்டலம் குறிக்காத ஆயங்கள்

மேட்டூரிலிருந்து சேலம் வரும் குடிநீர்க் குழாய் 78° கிழக்குத் தீர்க்கரேகையைத் தாண்டுகிறது. யூ.டி.எம். முறையில் (உலகை 6° அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தின் ஆயங்களை மீட்டரில் குறிக்கும் முறை) மேட்டூர் 43ஆம் மண்டலம், சேலம் 44. கலந்துவிட்டால் சேலத்து வால்வு ஏறத்தாழ 650 கி.மீ. மேற்கே, லட்சத்தீவுக் கடலில் போய் நிற்கும். டபிள்யூ.ஜி.எஸ். 84 (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அடிப்படை) டிகிரியில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கத்துடன் சேமியுங்கள். ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும்.

பெயரை வைத்து இணைப்பது

ஏற்காடு மலைப்பாதையில் ஒரே கொண்டை ஊசி வளைவை ஒட்டி இரண்டு சிறுபாலம் இருக்கலாம்; இரண்டுக்கும் ஒரே பெயர் விழும். எண்ணால் இணையுங்கள்.

ஏற்றிய நாள் தெரியாதபோது 01-01-1900

பொய்த் தேதி அடிக்காமல் காலியாக விடுங்கள்.

திசை இல்லாத இணைப்பு

நீரேற்று நிலையத்துக்கும் துணை மின்நிலையத்துக்கும் "தொடர்பு உண்டு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எது எதற்கு மின்சாரம் தருகிறது, அது முதன்மை வழியா மாற்று வழியா, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதெல்லாம் அந்த வரியிலேயே வேண்டும். இரண்டு ஃபீடர் இருந்தும் இரண்டும் ஒரே துணை மின்நிலையத்தில் தொடங்கினால், அந்த நிலையம் நின்றதும் மோட்டாரும் நின்றுவிடும். ஆகவே ஃபீடரோடு நிறுத்தாமல், அது தொடங்கும் இடம்வரை இணைத்துவிடுங்கள்.