மறக்கப்பட்ட பழைய கேம்கள்: எங்கிருந்து தொடங்குவது?

தொண்ணூறுகளில் பினாங்கில் வளர்ந்த பலருக்கு வீடியோ கேம் என்றால் மைக்ரோ ஜீனியஸ்தான். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த பெட்டி அது. 'ஒரே கேசட்டில் 64 கேம்' என்று அட்டையில் போட்டிருப்பார்கள்; போட்டுப் பார்த்தால் ஒரே கேமே நாலு பெயரில் வந்து நிற்கும். கான்ட்ரா, பேட்டில் சிட்டி, ரோட் ஃபைட்டர் மூன்றையும் எல்லாரும் ஆடியிருப்போம். அதே மாதிரிக் கேசட்டுகளில் பைனரி லேண்டும் கிடந்தது. ஹட்சன் கம்பெனி 1985இல் ஃபேமிகாமுக்கு விட்ட கேம். இரண்டு பெங்குயின்கள், வலது பக்கம் அழுத்தினால் ஒன்று வலது பக்கம் போகும், இன்னொன்று இடது பக்கம் போகும். இரண்டையும் ஒரே நேரத்தில் மேலே இருக்கும் இதயத்தருகே கொண்டு சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் பிடிபடாது. நமக்கோ கை ரீசெட் பட்டனிலேயே இருக்கும், பட்டியலில் அடுத்தது காத்திருக்கிறதே!

நல்ல கேம்கள் பல இப்படித்தான் காணாமல் போயின. அதனால் இந்த விளக்கத்துக்கு ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு கேம், அதற்கு ஒரு முழு மாலை. பத்தாயிரம் கேம் ஏற்றிய கையடக்கப் பெட்டியை ஷோப்பி இணையக் கடையில் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதுவும் அந்த 64 கேம் கேசட்தான், மெமரி கார்டு வடிவத்தில். உரிமை வாங்கி ஏற்றியதாகவும் பெரும்பாலும் இருக்காது.

படி 1: கையில் என்ன வேண்டும்

சாதாரண லெப்டாப் போதும். ஆபீஸ் வேலைக்கு வைத்திருக்கும் பழைய லெப்டாப்பே தாராளம். யூஎஸ்பி கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், இடது பக்கம் இருக்கும் கூட்டல் குறி வடிவப் பட்டனைப் பாருங்கள். விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் கேம் கன்ட்ரோலரைச் சோதிக்கும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து, கட்டை விரலை எடுக்காமல் இடதும் வலதுமாக உருட்டுங்கள். நடுவில் மேல் அல்லது கீழ் திசை தானாக எரிந்தால் அந்தக் கன்ட்ரோலர் பழைய கேமுக்கு ஆகாது. பழைய கேம்களில் ஒரு பிக்சல் தப்பினாலும் குழிதான்.

படி 2: காசு கொடுக்காமல் தொடங்குங்கள்: டைரியன்

பழைய கேம்கள் கிடைக்கும் ஜிஓஜி தளத்தில் ஒரு கணக்கு திறந்து 'டைரியன் 2000' என்று தேடுங்கள். இலவசம். 1995இல் எபிக் மெகாகேம்ஸ் வெளியிட்ட விண்கலச் சண்டை கேமின் பிந்தைய பதிப்பு இது. 2004இல் இலவசமாக்கிவிட்டார்கள். இறக்கி, நிறுவி, திறந்தால் சரி. வேறு வேலை இல்லை.

முழுக் கதை ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு கடை வரும். புதிதாக ஆடுகிறவர்கள் கிடைத்த காசை எல்லாம் முன்பக்கத் துப்பாக்கியில் கொட்டுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். துப்பாக்கி சுடுவதற்கும் கேடயம் மறுபடி நிரம்புவதற்கும் ஜெனரேட்டர்தான் சக்தி கொடுக்கிறது. பெரிய துப்பாக்கியும் சின்ன ஜெனரேட்டருமாகப் போனால் நாலு குண்டு சுட்டதும் சக்திப் பட்டை காலியாகிவிடும், கேடயமும் ஏறாது. முதலில் ஜெனரேட்டர், அப்புறம் கேடயம், அதன் பிறகு துப்பாக்கி. (கேரட் வடிவத்தில் ஒரு ரகசிய விண்கலமும் உண்டு. செய்தவர்கள் ஜாலியான ஆட்கள் என்பது அதிலேயே தெரியும்.)

படி 3: டாஸ்பாக்ஸ் பழகுங்கள்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்குச் செய்த பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் இலவச மென்பொருள் டாஸ்பாக்ஸ். கட்டளை தட்டத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். விண்டோஸில் கேமின் இயக்கக் கோப்பைப் பிடித்து இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போட்டால் ஓடத் தொடங்கும். முழுத் திரைக்கு ஆல்ட்டும் என்டரும். கேம் ஆமை வேகத்தில் போனால் கன்ட்ரோலும் எஃப்12ம், தறிகெட்டு ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11ம்.

பழகிப் பார்க்க 'ஒன் மஸ்ட் ஃபால் 2097' எடுங்கள். 1994இல் வந்த ரோபோ சண்டை கேம், 1999இலிருந்து இலவசம். போட்டிகளில் ஜெயித்த காசில் ரோபோவை மேம்படுத்திக்கொண்டே போகலாம்.

படி 4: பொறுமைக்கு ஒன்று

பழைய கதை கேம்களை ஓட்ட ஸ்கம்விஎம் என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். அதில் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' ஆடுங்கள். ரெவல்யூஷன் நிறுவனம் 1994இல் வெளியிட்டு, 2003இல் இலவசமாக்கிய கதை கேம். ஒரு பொருளைப் பார்க்க இடது கிளிக், அதைக் கையாள வலது கிளிக். மவுஸைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் கையில் இருக்கும் பொருள்கள் தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் அறையிலேயே மூடிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: இனிக் காசு கொடுத்து ஒன்று: கிம்மிக்

இந்தப் பட்டியலில் ஒன்றுதான் ஆட முடியும் என்றால் இதை ஆடுங்கள் என்பேன்.

சன்சாஃப்ட் இதை ஃபேமிகாமுக்கு 1992இல் வெளியிட்டது. சூப்பர் ஃபேமிகாமோ 1990இலேயே வந்துவிட்டது. எல்லார் கண்ணும் புதிய பெட்டி மேல். பழைய பெட்டிக்கு இவ்வளவு உழைப்போடு ஒரு கேம் வந்ததை யார் கவனித்தார்கள்? நல்ல இசைக்காகக் கேசட்டுக்குள்ளேயே தனி ஒலிச் சிப் வைத்திருந்தார்கள். ஜப்பானுக்கு வெளியே ஸ்காண்டிநேவியாவுக்கு மட்டும்தான் போனது. நல்ல வேளை, 2023இல் சிறப்புப் பதிப்பாக ஸ்டீம் இணையக் கடையிலும் நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியிலும் வந்துவிட்டது.

பார்க்கக் குழந்தை கேம் மாதிரி இருக்கும். பச்சை நிறத்தில் குண்டாக ஒரு சின்ன உருவம், பெயர் யுமேதாரோ. ஏமாந்துவிடாதீர்கள். தாக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் அவன் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் உருவாகும். விட்டால் அது தரையிலும் சுவரிலும் பட்டுத் துள்ளிக்கொண்டு போகும். எதிரியை அடிக்க அதுதான் முக்கிய ஆயுதம். அதே நட்சத்திரத்தின் மேல் ஏறிப் பயணமும் செய்யலாம்.

முதல் கட்டத்தில் எங்கும் போக அவசரப்படாமல், ஒரு சுவருக்கு முன்னால் நின்று வீசிப் பழகுங்கள். சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது குதித்து அதன் மேல் நில்லுங்கள். கால் வைக்கும் நேரம் பிடிபட்ட பிறகு, எட்டாது என்று விட்ட மேடைகள் எல்லாம் எட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒளித்து வைத்த பொக்கிஷம் ஒன்று உண்டு; எல்லாவற்றையும் சேர்த்தால்தான் கடைசிக் கட்டம் திறக்கும். புதிய பதிப்பில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

படி 6: பெட்டி வாங்கியே தீருவேன் என்றால்

காலையிலேயே பினாங்கு லோரோங் கூலிட்டுக்குப் போங்கள், சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில். பழைய சாமான் சந்தை. முதல் தலைமுறைப் பிளேஸ்டேஷன் கண்ணில் பட்டால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போட வழியில்லை என்றால் ஓடாத பெட்டி என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். "போலே குராங்?" (குறைக்க முடியுமா?) என்று கேட்பதில் தப்பே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஓட்டிக் காட்டினால், லேசர் தேய்ந்த பெட்டி, நகர்ந்துவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் இன்னொரு கவனம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பிளக்கை மாற்றும் அடாப்டர் மட்டும் போதாது, வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே பெட்டி புகைந்துவிடும்.

சரி, பெட்டி கிடைத்துவிட்டது. அதற்கு நான் சொல்லும் கேம் விப்-ரிப்பன். ஜப்பானில் 1999இல் வந்தது. கறுப்புத் திரை, ஒரு வெள்ளைக் கோடு, அதன் மேல் நடக்கும் ஒரு முயல், அவ்வளவுதான் படம். டிஸ்க் உங்கள் பெட்டியில் ஓடும் நாட்டுப் பதிப்பா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இதில் அதிசயம் என்னவென்றால், கேம் முழுவதும் பெட்டியின் மெமரிக்குள் ஏறிவிடும். அப்புறம் கேம் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சிடியைப் போடலாம். அந்தப் பாட்டின் தாளத்தை வைத்துக் கோட்டில் பள்ளமும் வளையமும் முளைக்கும். தடைகள் நான்கு வகை, பட்டன்கள் நான்கு. இரண்டு தடை சேர்ந்து வந்தால் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். தப்பு கூடினால் முயல் தவளையாகும், அப்புறம் புழுவாகும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய 150 பாட்டு எம்பி3 சிடி இதற்கு ஆகாது. ஒரிஜினல் ஆடியோ சிடிதான் வேண்டும், லெபு பசார் பாட்டுக் கடைகளில் ஒரு காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டு வைத்தோமே, அந்த வகை. முதலில் மெதுவான மெலடி ஒன்றைப் போடுங்கள். கை பழகிய பிறகு குத்துப்பாட்டைப் போட்டுப் பாருங்கள், முயல் எவ்வளவு நேரம் முயலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.