பள்ளியோடு ஜெர்மன் நின்றுவிடாமல் இருக்க

சென்னைப் பள்ளி ஒன்றில் 16 ஆண்டுகளாக ஜெர்மன் கற்பிக்கிறேன். தொடக்கத்தில் ஒரே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தேன்: ஜெர்மனிக்குப் போகலாம், அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குவதைப் பெற்றோர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார்கள்.) உள்ளூரில் பொறியியல் சீட் கிடைத்த அன்றே பிள்ளைகள் ஜெர்மனியோடு ஜெர்மன் மொழியையும் மூட்டை கட்டிவிட்டார்கள். தவறு என்னுடையது. மொழியை விசாவோடு முடிச்சுப் போட்டது நான்தானே?

இப்போது விசாப் பேச்சை நானாக எடுப்பதில்லை. மொழியையே காட்டுகிறேன். கரும்பலகையில் ஒரு துணை வாக்கியம்: 'வைல் இஹ் ஹொய்ட்டெ கொம்மென் கான்'. 'வைல்' என்றால் ஏனென்றால். அதை மூடிவிட்டு மற்றதைச் சொல்லுக்குச் சொல் படிக்கச் சொல்லுங்கள்: நான், இன்று, வர, முடியும். அப்படியே தமிழ் வரிசை! ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 'கான்' என்பதை நடுவில் செருகிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்காருவான். இதைப் பத்தாம் வகுப்பிலேயே செய்யுங்கள். பதினொன்றில் பலருக்குப் பாடத்திட்டத்தில் ஜெர்மனே இருக்காது.

அடுத்து, மதிப்பெண்ணை விட்டுவிட்டு நிலையைப் பேசுங்கள்: ஏ1 என்றால் தொடக்க நிலை, பி1 என்றால் இடைநிலை. "பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள், தனித்தனியாகவும் எழுதலாம், ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 போதும்" என்று சொன்னால் மலை படிக்கட்டாகிவிடும்.

கல்லூரியில்தான் சிக்கல். பிரெஞ்சு கிடைக்கும் அளவுக்கு ஜெர்மன் கிடைப்பதில்லை. விருப்பப் பாடமாக இருந்தாலும் ஏ1-இலிருந்து தொடங்குவார்கள். நான்கு வருடம் படித்த பிள்ளை மறுபடியும் 'என் பெயர்' என்று எழுத உட்கார்ந்தால் இரண்டே வாரத்தில் வெறுத்துவிடும். ஆகவே சேர்ந்த முதல் வாரமே ஆசிரியரைப் பார்த்து, சான்றிதழைக் காட்டி, மேல் நிலையில் சேர்க்கும்படி கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் இருக்கவே இருக்கிறது நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவன்.

பழைய மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை வகுப்புக்கு அழையுங்கள். சரளமாகப் பேசுபவரைத் தேடாதீர்கள், தடுமாறுபவரே நல்லது. சென்ற முறை வந்த பி.காம். மாணவி, 'மேட்ஹென்' என்றால் சிறுமி, பெண் என்பதால் பெண்பாலாகத்தான் இருக்கும் என்று நம்பி, பெண்பாலுக்குரிய 'டீ'யைச் சேர்த்து 'டீ மேட்ஹென்' என்றாள். ஜெர்மன் இலக்கணத்தில் அந்தச் சொல் ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல. பின்வரிசையிலிருந்து கோரஸாக 'டாஸ்!' என்று கேட்டது.