லேப்டாப் பேட்டரி ஹெல்த் 85 சதவீதம்: மாற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா?

வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, அதற்குள் பேட்டரி ஹெல்த் (புதிதில் தாங்கிய சார்ஜில் இப்போது எத்தனை சதவீதம் தாங்குகிறது என்ற எண்) 85-க்கு இறங்கிவிட்டதே என்று பதறிப்போய் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய பேர். அநேகமாக அது நல்ல பேட்டரிதான். 92 சதவீதம் காட்டிக்கொண்டே, சார்ஜ் 30 இருக்கும்போது பட்டென்று அணைகிற பேட்டரிதான் கெட்டது. அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வயதையும், சுமை ஏறும்போது பேட்டரி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

முதலில் எண்ணை எடுப்போம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்று தேடினால் கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். அதில் ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஒரு இடைவெளி விட்டு, / குறி போட்டு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்பதை ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அடுத்த வரியே சொல்லிவிடும். அந்த ஃபைலை பிரவுசரில் திறக்க வேண்டும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் பேட்டரி ஹெல்த் இருக்கிறது; சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கை சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் என்ற தலைப்பின்கீழ் கிடைக்கும்.

விண்டோஸ் அறிக்கையில் ‘இன்ஸ்டால்டு பேட்டரீஸ்’ பகுதியில் மூன்று வரிகள் முக்கியம். ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது தயாரிப்பாளர் குறித்த கொள்ளளவு. ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு நிற்கும் என்ற மதிப்பீடு. மூன்றாவது ‘சைக்கிள் கவுன்ட்’. டிசைன் 41,040 மில்லிவாட் மணி, ஃபுல் சார்ஜ் 34,880 என்று இருந்தால், இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 85 சதவீதம். டிசைன் எண்ணில் சந்தேகம் வந்தால் பேட்டரி மேலுள்ள லேபிளைப் பாருங்கள். 11.4 வோல்ட், 3,600 மில்லிஆம்பியர் மணி என்று இருந்தால் இரண்டையும் பெருக்க, அதே 41,040 வர வேண்டும்.

சைக்கிள் என்பதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சார்ஜரைச் செருகும் ஒவ்வொரு முறையும் ஒரு சைக்கிள் ஆகாது. மொத்தம் நூறு சதவீதம் செலவானால்தான் ஒன்று: இன்று 50, நாளை 50 என்றால் இரண்டு நாளைக்கு ஒரு சைக்கிள். சில மாடல்கள் இந்த எண்ணை விண்டோஸுக்குச் சொல்வதே இல்லை. அங்கே வெறும் கோடோ பூஜ்யமோ இருந்தால் அது பழுது அல்ல.

ஏன் குறைகிறது? லித்தியம் அயன் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. செல்லுக்குப் பாதுகாப்பே அதுதான். ஆனால் வளர வளர லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. பிடிபட்ட லித்தியம் திரும்ப சார்ஜ் சுமக்க வராது. ஆரம்ப மாதங்களில் படலம் வேகமாக வளரும், பிறகு நிதானமாகும். அதனால்தான் முதல் வருடத்தில் 5 முதல் 10 சதவீதம் இறங்கி, அப்புறம் எண் கொஞ்சம் நிலைத்ததுபோல் தெரிகிறது. சாதாரண லேப்டாப்களில் 300 முதல் 500 சைக்கிளுக்குள் 80-ஐத் தொடுவது இயல்பு. அண்மைக்கால மேக்புக்குகளுக்கு ஆப்பிள் வைத்திருக்கும் அளவு 1,000 சைக்கிள். லேப்டாப்பைத் தொடாமலே வைத்திருந்தாலும் வயதாகும். நூறு சதவீதச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக.

இன்னொன்று: ஃபுல் சார்ஜ் எண் அளந்து சொன்னதல்ல, கணித்துச் சொன்னது. பேட்டரிக்குள் இருக்கும் சிப் உள்ளே போன, வெளியே வந்த கரன்டைக் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மெஷினில் அந்தக் கணக்கு வழுவிவிடும். இந்த வாரம் 88, அடுத்த வாரம் 84, பிறகு 87 என்று ஆடினால் கவலை வேண்டாம். அறிக்கையின் கீழேயுள்ள ‘பேட்டரி கெப்பாசிட்டி ஹிஸ்டரி’யில் மாதக்கணக்கில் போக்கைப் பாருங்கள். சீரான சரிவு இயல்பு. ஓரிரு வாரத்தில் 15 சதவீதம் விழுந்து மேலே வராமல் போனால் கணக்குப் பிசகு, அல்லது ஒரு செல் போய்விட்டது.

எது என்று தெரிய ஒருமுறை கேலிபரேஷன் செய்யுங்கள். நூறு வரை ஏற்றி, சார்ஜரிலேயே இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, தானாக அணையும்வரை சாதாரண வேலை செய்யுங்கள். சில மணி நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் நூறுவரை ஏற்றி, புதிய அறிக்கை எடுங்கள். இது எண்ணைத்தான் திருத்தும், பேட்டரியைக் குணமாக்காது. முழுதாக வடிய விடுவதே செல்லுக்குச் சுமை என்பதால் மாதாமாதம் செய்யாதீர்கள்.

வடியும்போதே கவனியுங்கள். 40-லிருந்து சட்டென்று 12-க்குக் குதித்தாலோ, வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையில் 25-லேயே அணைந்தாலோ, செல்லின் உள்மின்தடை ஏறிவிட்டது என்று பொருள். கரன்ட் அதிகம் இழுக்கும்போது வோல்டேஜ் தாழ்ந்து மெஷின் நின்றுவிடுகிறது. செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்று பலவீனமானாலே மொத்தமும் படுத்துவிடும். ஹெல்த் எவ்வளவு காட்டினாலும் அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். சீராக வடிந்தும் நேரம் மட்டும் போதவில்லையா? 34.9 வாட் மணியை 8 வாட் இழுக்கும் மெஷின் நாலு மணி நேரத்துக்குமேல் தாங்கும். 20 வாட் இழுத்தால் ஒன்றே முக்கால் மணிதான். அங்கே பழி பேட்டரி மேல் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

எப்போதும் சார்ஜரில் செருகியபடி மேசையிலேயே வேலை என்றால், சார்ஜ் 80 சதவீதத்தோடு நின்றுவிடும்படி வரம்பு போட்டுவிடுங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலியின் கன்சர்வேஷன் மோட், அசூஸில் மைஅசூஸின் பேட்டரி கேர், டெல், ஹெச்பியில் பயாஸ் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை). மெத்தைமேல் வைத்து காற்றுத் துளையை அடைக்காதீர்கள், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்து வைக்கப் போகிறீர்களா, 50 சதவீதத்தில் அணைத்து வையுங்கள்.

டச்பேட் அழுந்தவில்லை, அடிப்பகுதி மேசைமேல் ஆடுகிறது, மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்குத் தந்திருக்கின்றன.

புதுப் பேட்டரி போட்டதும், கடையை விட்டு வெளியே வருமுன் அதே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சைக்கிள் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். டிசைன் எண் பழைய பேட்டரியின் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். அதே அளவுப் பெட்டிக்குள் ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று ஸ்டிக்கர் சொன்னால் வாங்காதீர்கள். ஃபுல் சார்ஜ் டிசைன் எண்ணில் 97 சதவீதமாக இருந்தாலும் 103 சதவீதமாக இருந்தாலும் பரவாயில்லை, தொழிற்சாலையிலேயே அந்தளவு ஏற்றத்தாழ்வு வரும்.